தவணை முறையில் முதல் வீடு: பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா வட்டி மானியம் வாங்க முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஆடி முடிந்த கையோடு கோவையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு பில்டரிடமிருந்து ஒரு டிமாண்ட் லெட்டர் வந்தது. முதல் தளக் கூரை கான்கிரீட் போட்டாயிற்று, ஒப்பந்தப்படி 15 சதவீதம், அதாவது 4,80,000 ரூபாய், 15 நாளுக்குள் செலுத்தவும் என்று இரண்டே வரி. தங்கை வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் போட்டார். "மச்சான், அந்த ஒன்றே முக்கால் லட்சம் மானியம் எப்ப வரும்? அதையும் போட்டு இந்தத் தவணையைக் கட்டிடலாமா?"

கட்ட முடியாது. அந்த மானியம் பில்டர் கைக்கும் போகாது, உங்கள் கைக்கும் வராது. உங்கள் வீட்டுக் கடன் கணக்குக்கு மட்டும்தான் வரும். அதுவும் ஐந்து வருடத் தவணையாக. நீங்கள் பில்டருக்குத் தவணை கட்டுகிறீர்கள், அரசு உங்களுக்குத் தவணையில் தருகிறது. இந்த இரண்டு தவணைகளும் எங்கேயும் சந்திப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நடுவில் திணறுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எந்தத் திட்டம் இது?

பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவின் நகர்ப்புறப் பிரிவு 2015 ஜூனில் தொடங்கியது. அதில் இருந்த பழைய வட்டி மானியத்தில் 2.67 லட்சம் ரூபாய் வரை ஒரே மூச்சில் கடன் கணக்கில் ஏறும். உங்கள் அலுவலகத்தில் யாராவது "எனக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் வந்தது" என்று சொன்னால் அது அந்தக் காலத்துக் கதை. 2022 மார்ச்சோடு அது முடிந்துவிட்டது.

இப்போது இருப்பது 2.0. இது 2024 செப்டம்பர் 1 முதல் ஐந்து ஆண்டுகளுக்கானது. இதில் நான்கு கிளைகள். சொந்த மனையில் தானே வீடு கட்டிக்கொள்வது, அரசு அல்லது அரசோடு சேர்ந்தவர்கள் கட்டும் குடியிருப்பில் வீடு வாங்குவது, வாடகைக் குடியிருப்பு, வட்டி மானியம். பில்டரிடம் தவணையில் அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது கடைசியாகச் சொன்ன வட்டி மானியம்தான். அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

அதன் சாரம் இது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், கார்பெட் ஏரியா (வெளிச்சுவர் நீங்கலாக வீட்டுக்குள் பயன்படும் தரைப்பரப்பு) 120 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். கடனில் முதல் 8 லட்சத்துக்கு, 12 வருடம் வரைக்கும் கணக்கிட்டு, 4 சதவீத வட்டியை அரசு ஏற்கிறது. அதிகபட்சம் 1.80 லட்சம். வருடத்துக்கு 36,000 வீதம் ஐந்து முறை. மாதக் கணக்கில் பார்த்தால் 3,000 ரூபாய் மாதிரி. சின்னத் தொகை என்று ஒதுக்கவும் முடியாது, அதை நம்பி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கவும் முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது: உங்கள் 'தவணை' எந்த வகை?

நம் ஊரில் தவணை என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு வேறு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மானியம் கிடையாது.

முதலாவது, மாதத் தவணையில் மனை. பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுப்பார்களே, மாதம் 5,000 கட்டினால் 60 மாதத்தில் உங்கள் பெயரில் பத்திரம் என்று. இதற்கு மானியம் இல்லை. இந்த மானியம் வீட்டுக் கடனுக்கு. வெறும் மனைக்கு அல்ல, மனை வாங்க எடுக்கும் கடனுக்கும் அல்ல.

இரண்டாவது, பில்டரே நேரடியாகத் தரும் தவணை வசதி. 'வங்கிக் கடன் தேவையில்லை, எங்களிடமே மாதாமாதம் கட்டலாம்' என்பார்கள். இதற்கும் மானியம் கிடையாது. வங்கி, வீட்டுக் கடன் நிறுவனம், கூட்டுறவு வங்கி, சிறு நிதி வங்கி என்று திட்டத்தில் சேர்ந்த கடன் நிறுவனம் ஒன்று நடுவில் இருந்தால்தான் மானியம் கோர வழி உண்டு. விண்ணப்பத்தைச் சரிபார்த்து மேலே அனுப்புவது அவர்கள் வேலை. அவர்கள் இல்லை என்றால் பணம் வந்து சேர ஒரு கணக்கே இல்லை.

மூன்றாவது, கட்டுமான நிலைக்கு ஏற்பக் கட்டும் தவணை. அஸ்திவாரம் முடிந்தால் இவ்வளவு, ஒவ்வொரு கூரைக்கும் இவ்வளவு என்று. நீங்கள் வீட்டுக் கடன் வாங்கியிருப்பீர்கள், வங்கி கொஞ்சம் கொஞ்சமாகப் பணத்தை விடுவிக்கும். மானியத்துக்கு ஏற்ற தவணை இதுதான்.

நான்காவது, அரசு வாரியத்தின் குடியிருப்பில் பயனாளி பங்கைக் கட்டுவது. அதற்கு வேறு வாசல். கடைசியில் சொல்கிறேன்.

தகுதி: ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு

இங்கே குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். அவ்வளவுதான். அப்பா, அம்மா, அண்ணன், தம்பி கணக்கில் வர மாட்டார்கள். 'அப்பா பெயரில் ஊரில் வீடு இருக்கிறதே, எனக்குக் கிடைக்காதா?' என்று கேட்கிறவர்கள் ஏராளம். அந்த வீடு அப்பா பெயரில் இருக்கும் வரை, கல்யாணமாகித் தனிக் குடும்பமான உங்களுக்கு அது தடையில்லை. ஆனால் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டு அந்த வீட்டில் ஒரு பகுதி உங்கள் பெயருக்கு வந்திருந்தால் கதை வேறு. உங்களுக்கோ மனைவிக்கோ கல்யாணமாகாத பிள்ளைக்கோ இந்தியாவில் எங்கேயும் நிலையான (பக்கா) வீடு இருக்கக் கூடாது என்பதுதான் விதி. ஆண்டிபட்டியில் இருந்தாலும் அது வீடுதான். மனைவிக்கு அவர் அப்பா சீதனமாக எழுதிக் கொடுத்த சின்ன வீட்டை மறந்துவிட்டு 'எதுவும் இல்லை' என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பட்டாவும் வீட்டு வரி ரசீதும் கணினியில்தான் இருக்கின்றன.

இன்னொன்று, கடந்த 20 ஆண்டுகளில் மத்திய, மாநில அரசுகளின் எந்த வீட்டுத் திட்டத்திலும் நீங்கள் பயன் பெற்றிருக்கக் கூடாது. கிராமத்தில் அரசுத் தொகையில் கட்டிய வீடு உங்கள் பெயரில் வந்திருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

வருமானத்தில் மூன்று படி. 3 லட்சம் வரை பொருளாதாரத்தில் நலிந்தவர், 3 முதல் 6 லட்சம் வரை குறைந்த வருமானத்தினர், 6 முதல் 9 லட்சம் வரை நடுத்தர வருமானத்தினர். வட்டி மானியம் மூன்று பேருக்கும் ஒன்றுதான். கணவர் சம்பளத்தை மட்டும் காட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம், குடும்ப வருமானம்தான் கணக்கு. என் தங்கை வீட்டில் அவருக்கு மாதம் 42,000, அவள் வீட்டில் டியூஷன் எடுப்பதில் மாதம் 20,000. சேர்த்தால் வருடத்துக்கு 7.44 லட்சம். உள்ளே வருகிறார்கள். அடுத்த சம்பள உயர்வுக்குப் பிறகு விண்ணப்பித்திருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

வீடு மனைவி பெயரிலோ இருவர் பெயரிலும் சேர்த்தோ இருக்க வேண்டும். குடும்பத்தில் வயது வந்த பெண் யாருமே இல்லை என்றால் மட்டும் ஆண் பெயரில் தனியாக. ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். பில்டர் அலுவலகத்தில் முன்பதிவு ரசீதை யார் போகிறாரோ அவர் பெயரில் போட்டுவிடுவார்கள், அப்புறம் ஒவ்வொரு காகிதமும் அதே பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். பாதியில் இன்னொரு பெயரைச் சேர்க்கத் திரும்ப முதலிலிருந்து கையெழுத்து வாங்க வேண்டும்.

கணக்குப் போடுங்கள், மானியம் இல்லாமல்

தங்கை வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வீடு 32 லட்சம், கார்பெட் ஏரியா 65 சதுர மீட்டர், கடன் 24 லட்சம். தவணை அட்டவணை இப்படி இருந்தது:

ஒப்பந்தத்தின்போது 10 சதவீதம், 3.2 லட்சம்.
அஸ்திவாரம் முடிந்ததும் 15 சதவீதம், 4.8 லட்சம்.
மூன்று கூரைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 15 சதவீதம், தலா 4.8 லட்சம்.
செங்கல் கட்டு வேலைக்கு 10 சதவீதம், 3.2 லட்சம்.
பூச்சு, டைல்ஸ் வேலைக்கு 15 சதவீதம், 4.8 லட்சம்.
சாவி கொடுக்கும்போது 5 சதவீதம், 1.6 லட்சம்.

வங்கிகள் பொதுவாக உங்கள் பங்கை முதலில் போடச் சொல்லும். 32 லட்சத்தில் கடன் 24 போக மீதி 8 லட்சம். அது முதல் இரண்டு தவணைகளிலேயே கரைந்துவிட்டது. பத்திரச் செலவு தனி. தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் 1 முதல் அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு, மதிப்பு 50 லட்சம் வரை என்றால், முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம். 32 லட்சத்துக்கு 1.92 லட்சம். இதை வங்கிக் கடனில் சேர்க்க மாட்டார்கள்.

அடுத்து ஜி.எஸ்.டி. பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு, மதிப்பு 45 லட்சத்துக்குள் இருந்து கார்பெட் ஏரியா சென்னை போன்ற பெருநகரில் 60 சதுர மீட்டருக்குள், மற்ற ஊர்களில் 90 சதுர மீட்டருக்குள் இருந்தால் வரி 1 சதவீதம். தாண்டினால் 5 சதவீதம். கோவையில் 65 சதுர மீட்டர் வீட்டுக்கு 32,000 ரூபாயோடு முடிந்தது. இதே விலையில் இதே அளவு வீட்டைச் சென்னையில் வாங்கியிருந்தால் 1.60 லட்சம். வித்தியாசம் 1.28 லட்சம். ஐந்து வருடம் காத்திருந்து வாங்கப் போகும் மானியத்தில் 70 சதவீதத்துக்கு மேல் ஐந்தே சதுர மீட்டரில் போய்விடும். வீடு தேடும்போது 'இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லா இருக்குமே' என்று தோன்றினால் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கட்டி முடித்து நிறைவுச் சான்றிதழ் வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வீட்டு வாடகை. கட்டி முடியும் வரை நீங்கள் வாடகை வீட்டில்தான் இருப்பீர்கள். அந்தக் காலத்தில் வங்கி விடுவித்த தொகைக்கு மட்டும் வட்டி கட்டுவதைத்தான் ப்ரீ இ.எம்.ஐ. என்கிறார்கள். 8.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், முதல் 4.8 லட்சம் போனதும் மாதம் 3,400. மூன்று கூரையும் முடிந்து 14.4 லட்சம் போயிருக்கும்போது 10,200. இதோடு 9,000 வாடகை. முழுக் கடனும் போனபின் 20 வருடத் தவணை மாதம் ஏறத்தாழ 20,800. இதில் எந்த இடத்திலும் மானியத்தை நுழைக்காதீர்கள். மானியம் இல்லாமலே இந்த வண்டி ஓடும் என்றால் மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

திட்டத்தைச் சரிபார்த்தல்

பில்டரின் திட்டம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ இருந்தால் தமிழ்நாடு ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணை வாங்கி ரெரா இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். விளம்பரப் பலகையில் இருக்கும் எண்ணை நம்பி விட்டுவிடாதீர்கள். முடிக்க வேண்டிய தேதி என்ன, காலாண்டு அறிக்கை தருகிறார்களா என்று அங்கேயே தெரியும்.

2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 13ஆம் பிரிவு தவணைக்காரர்களின் நல்ல நண்பன். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. 'அடுத்த வாரம் விலை ஏறுது சார், 20 சதவீதம் போட்டுடுங்க' என்று அவசரப்படுத்தினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள், குரல் கொஞ்சம் இறங்கும். வாங்கும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கென்று வைத்த தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். சொன்ன தேதியில் வீட்டைத் தராவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்க 18ஆம் பிரிவு இருக்கிறது.

மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, நிலத்தில் உங்களுக்குரிய பிரிவுபடாத பங்கின் அளவு, கட்டட அனுமதி இவற்றை வங்கியின் வக்கீல் பார்ப்பார். நீங்களும் ஒரு வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்கிவிடுங்கள். வங்கி வக்கீல் பார்ப்பது வங்கியின் பணம் பத்திரமா என்று. உங்கள் 8 லட்சத்தைப் பற்றி அவருக்கென்ன?

மானியத்துக்கு இன்னொரு நிபந்தனை, வீடு நகர்ப்புறத்தில் இருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மட்டுமல்ல, அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிகளும் இதில் சேரும். நகரத்தை ஒட்டிய ஊராட்சியில் வீடு என்றால் கடன் வாங்கும்முன் வங்கியிடம் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடனும் விண்ணப்பமும்: எது முன்னே, எது பின்னே

கடன் அனுமதியும் முதல் தொகை விடுவிப்பும் 2024 செப்டம்பர் 1க்குப் பிறகு இருக்க வேண்டும். இரண்டுமே. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய கடனுக்கு இது பொருந்தாது.

வங்கிக்குப் போகும் முதல் நாளே 'இது பிரதம மந்திரி ஆவாஸ் 2.0 வட்டி மானியத்துக்கான கடன்' என்று வாயால் சொல்வதோடு விண்ணப்பத்திலும் எழுதுங்கள். கடன் தொகையில் கவனம். 'தகுதி இருக்கே, 27 லட்சமா வாங்கிக்குங்க, உள்ளலங்காரத்துக்கு ஆகும்' என்று சொல்வார்கள். 25 லட்சத்தைத் தாண்டினால் மானியம் போச்சு. வீட்டின் மதிப்பும் அப்படியே, 35 லட்சத்துக்கு ஒரு ரூபாய் கூடினாலும் வெளியே. கார் பார்க்கிங், மின் இணைப்பு, பராமரிப்பு வைப்புத்தொகை என்று பில்டர் பிரித்துக் காட்டும் தொகைகளையும் சேர்த்தால் எவ்வளவு வரும் என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். 34.5 லட்சத்தில் நிற்கும் வீடு என்றால் இதை ஒத்திப்போட வேண்டாம்.

கடன் பேச்சு ஓடும்போதே திட்டத்தின் அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடியும் முகவரியா என்று பாருங்கள். முதலில் தகுதியைச் சோதிக்கும் சில கேள்விகள் வரும்: மாநிலம், குடும்ப வருமானம், எந்தக் கிளை, சொந்த வீடு உண்டா, 20 ஆண்டுகளில் பயன் பெற்றீர்களா. கிளை கேட்கும்போது வட்டி மானியத்தைத் தேர்ந்தெடுங்கள். மற்ற மூன்றில் ஒன்றைத் தெரியாமல் தட்டிவிட்டால் விண்ணப்பம் வங்கிப் பக்கம் வராமல் வேறு வழியில் போய்விடும். பிறகு ஆதார் எண், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி., குடும்பத்தினர் அனைவரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, வருமான விவரம். முடிவில் வரும் விண்ணப்ப எண்ணை அச்செடுத்து வங்கிக் கோப்பில் ஒன்று, வீட்டில் ஒன்று வையுங்கள்.

வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். தாசில்தார் அலுவலகத்திலிருந்து வர நாளாகும் என்பதால் வீடு பார்க்கத் தொடங்கும்போதே போட்டுவிடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் நிஜமாகவே நடந்த தலைவலி. தங்கைக்கு ஆதாரில் பெயர் 'செல்வி ரா'. பான் அட்டையில் இனிஷியலை விரித்து அப்பா பெயரோடு. வங்கிக் கணக்கில் கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய கணவர் பெயரின் முதல் எழுத்து. ஒப்பந்தத்தில் 'எஸ். செல்வி'. நான்கு காகிதத்தில் நான்கு செல்விகள். ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாதே. விண்ணப்பம் திரும்பி வந்தது. கிளையில் கேட்டால் 'மேலே இருந்து வந்துடுச்சு' என்றார்கள். ஆதாரைத் திருத்தி, வங்கிக் கணக்கைத் திருத்தி, 'இவர்கள் அனைவரும் ஒரே நபர்' என்று நோட்டரி உறுதிமொழி வாங்கி, மறுபடி போட ஆறு வாரம். இனிஷியல் முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று ஆயுசு முழுக்கக் கவலைப்படாத ஜாதி நாம். பத்திரத்துக்கு முன்னால் மட்டும் கவலைப்பட்டுவிடுங்கள். ஆதாரில் எப்படியோ அப்படியே எல்லாவற்றிலும்.

ஒவ்வொரு தவணையின்போதும்

டிமாண்ட் லெட்டர் வந்ததும் பணம் கட்ட ஓடாதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். 'இரண்டாம் கூரை முடிந்தது' என்று கடிதம் சொல்லும், அங்கே சென்ட்ரிங் பலகைதான் அடித்திருப்பார்கள். கைபேசியில் தேதி தெரிய ஒரு படம். வங்கியின் பொறியாளரும் வந்து பார்த்துவிட்டுத்தான் தொகையை விடுவிப்பார், ஆனால் அவர் வரவே ஒரு வாரம் ஆகலாம். 15 நாள் கெடு கடிதம் தேதியிலிருந்தா, உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்தா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். தாமதத்துக்கு பில்டர் வட்டி போடுவார். அதனால் கடிதம் வந்த அன்றே அதன் நகலையும் உங்கள் விடுவிப்புக் கோரிக்கையையும் வங்கியில் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் போன பிறகு மூன்று காகிதம் சேர வேண்டும்: பில்டரின் ரசீது, வங்கியின் விடுவிப்புக் கடிதம், கடன் கணக்கு அறிக்கை. ஒரு பழைய பள்ளிக்கூடக் கோப்பில் தேதி வரிசையாகக் கோத்து வையுங்கள். பின்னாளில் மானியம் ஏன் வரவில்லை என்று கேட்கப் போகும்போது இந்தக் கோப்புதான் பேசும்.

ப்ரீ இ.எம்.ஐ. ஒரு மாதம்கூடத் தவறக் கூடாது. மானியத்தின் ஒவ்வொரு தவணையும் வரும் சமயத்தில் கடன் கணக்கு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. வாராக்கடன் ஆன கணக்குக்கு வராது.

மானியம் எப்படி வந்து சேரும்

வங்கி உங்கள் விவரத்தைச் சரிபார்த்து, மைய முகமை ஒன்றுக்கு அனுப்பும். தேசிய வீட்டுவசதி வங்கி, ஹட்கோ, பாரத ஸ்டேட் வங்கி ஆகிய மூன்றும்தான் அந்த முகமைகள். அங்கே ஒப்புதலாகிய பிறகு பணம் உங்கள் கடன் கணக்கில் ஏறும். சேமிப்புக் கணக்கில் தேடாதீர்கள், அங்கே வராது. கடன் கணக்கு அறிக்கையில் மானியம் என்ற பெயரில் ஒரு வரவு வரி இருக்கும். வந்ததும் வங்கியிடம் கேளுங்கள்: இதைக் கழித்துவிட்டு மாதத் தவணையைக் குறைப்பீர்களா, காலத்தைக் குறைப்பீர்களா? சில கிளைகளில் கேட்காமல் எதுவும் நடக்காது.

இப்போது முக்கியமான பொறி. ஒவ்வொரு மானியத் தவணையின்போதும் அசலில் 50 சதவீதத்துக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். சாதாரணமாக மாதத் தவணை மட்டும் கட்டி வந்தால் பயமில்லை. 20 வருடக் கடனில் 8.5 சதவீத வட்டிக்கு, ஐந்து வருடம் முடியும்போதும் அசலில் 88 சதவீதம் பாக்கி இருக்கும். நம் ஆட்களுக்குக் கடன் என்றாலே நெஞ்சு அடைக்கும் என்பதுதான் சிக்கல். பி.எஃப். பணம் வந்தது, ஊரில் ஒரு காணி விற்றது, உடனே கொண்டுபோய்க் கடனில் போட்டுவிடுவார்கள். 24 லட்சக் கடனில் அசல் 12 லட்சத்துக்குக் கீழே இறங்கிய நாளோடு மீதி மானியம் நின்றுவிடும். இரண்டாம் வருடத்தில் அப்படிச் செய்தால் 36,000 வீதம் மூன்று தவணை, 1.08 லட்சம் போச்சு. முன்கூட்டிக் கட்டுவது தப்பில்லை. 8.5 சதவீத வட்டி மிச்சமாவது மானியத்தைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுவிட்டுக் கட்டுங்கள். 12 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திவிட்டு, மீதியை ஐந்தாம் தவணை வந்த மறுநாள் கட்டினாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.

வட்டி குறைவு என்று நடுவில் வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவதும் இப்படித்தான். புதுக் கடனுக்கு மறுபடி மானியம் கோர முடியாது. கால் சதவீத வட்டிக் குறைவுக்காக மாற்றுமுன் வரவேண்டிய மானியத்தையும் தராசில் வையுங்கள்.

10 வருடக் கடன் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். அதே வட்டியில் ஐந்து வருடக் கடைசியில் பாக்கி 60 சதவீதம்தான் இருக்கும். ஒரு தீபாவளி போனஸைச் சேர்த்துப் போட்டால்கூடக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள்.

வருமானம் 3 லட்சத்துக்குள் என்றால்

வட்டி மானியத்தைவிட மற்ற கிளைகள் உங்களுக்குப் பலனாக இருக்கலாம். சொந்த மனையில் கட்டுவதற்கும், அரசுக் குடியிருப்பில் வாங்குவதற்கும் மத்திய அரசின் பங்கு 1.50 லட்சம், அதன்மேல் மாநில அரசின் பங்கு. சொந்த மனையில் கட்டும்போது வேலை ஏற ஏற, இடத்தோடு பதிவாகும் படம் எடுத்துக் காட்டி, கட்டம் கட்டமாக வாங்க வேண்டும். அடுக்குமாடி என்றால் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகளைப் பாருங்கள். பழைய குடிசை மாற்று வாரியம்தான், 2021இல் பெயர் மாறியது. அங்கே அரசின் தொகை வீட்டு விலையிலேயே கழிந்துவிடும், மீதியைப் பயனாளி பங்காகக் கட்டச் சொல்வார்கள். அந்தப் பங்கை வாரியத்தின் பெயருக்குத்தான் செலுத்த வேண்டும், ரசீது வாரியத்துடையதாக இருக்க வேண்டும். 'ஒதுக்கீடு வாங்கித் தர்றேன், 50 ஆயிரம் குடு' என்று வருகிறவர் உங்கள் வார்டுக்காரராகவே இருந்தாலும் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இழுத்தடித்தால்

விண்ணப்ப எண்ணை வைத்து இணையதளத்தில் நிலையைப் பார்க்கலாம். அங்கே பல மாதமாக ஒரே வரி நின்றால் முதலில் கேட்க வேண்டிய இடம் கடன் கொடுத்த கிளை. போனில் கேட்காதீர்கள், கடிதமாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கேள்வியும் நறுக்கென்று இருக்கட்டும்: மைய முகமைக்கு எங்கள் விவரத்தை எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், அந்தக் கோரிக்கை எண் என்ன? 'போட்டிருக்கோம் சார்' என்ற பதில் இந்தக் கேள்விக்குப் போதாது. வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுதி 30 நாளில் பதிலில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், அதற்குக் கட்டணமில்லை.

தங்கை வீட்டுக்கு டைல்ஸ் வேலை போன மாதம் முடிந்தது. 4.8 லட்சத்துக்கான கடிதம் வந்த அன்றே மாப்பிள்ளை வங்கியில் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டார். முதல் 36,000 இன்னும் வரவில்லை. கோரிக்கை எண் மட்டும் கைக்கு வந்திருக்கிறது, அதைக் கோப்பின் முதல் பக்கத்தில் ஸ்டேப்ளர் போட்டு வைத்திருக்கிறாள்.